அடுத்த சர்வீஸ் சென்டர் 190 கிலோமீட்டர் தள்ளி

வேலை மாற்றலாகி இந்தச் சிறு ஊருக்கு வந்தபோது, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் என் ஹைப்ரிட் காருக்கு வயது பதினொன்று. மீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். "அங்கே போய் இதை வைத்துக்கொண்டு திண்டாடாதே, விற்றுவிட்டுச் சாதாரணக் கார் ஒன்று வாங்கிக்கொள்" என்று சொல்லாத ஆள் இல்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஹைப்ரிட் காரைக் கையாளத் தெரிந்த சர்வீஸ் சென்டர் இங்கிருந்து 190 கிலோமீட்டர். நடுவில் ஒரு மலைப்பாதை, அப்புறம் நீளமான ஒரு மண் சாலை. ஆனாலும் விற்க மனம் வரவில்லை. அதுவரை அந்தக் கார் ஒருநாளும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை.

இப்போது ஐந்து வருடம் ஆகிறது. கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதற்குள் என்னென்ன கெட்டது, எதை நாமே பார்த்துக்கொள்ளலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் ஒன்று. எல்லோரும் என்னைப் பயமுறுத்தியது மின்மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரியைச் சொல்லித்தான். ஆனால் என்னைத் தவிக்கவிட்டதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் சின்னப் பாகங்கள். ஒரு மின்விசிறி, குளிர்விக்கும் திரவத்தைத் தள்ளும் ஒரு கூலன்ட் பம்ப், கையால் தூக்கிவிடக்கூடிய ஒரு 12 வோல்ட் பேட்டரி.

அந்த 12 வோல்ட் பேட்டரிதான் ஆரம்பித்து வைத்தது. வந்து மூன்றாவது வாரம். காலையில் பட்டனை அழுத்தினேன். சிவப்பு முக்கோணம், பிரேக், ஏபிஎஸ், இன்ஜின் என்று டேஷ்போர்டில் இருக்கும் அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. உள்ளே எங்கோ ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டக், டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கார் கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு மட்டும் வரவில்லை. ஹைப்ரிட் பேட்டரி போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சர்வீஸ் சென்டருக்கு லாரியில் ஏற்றி அனுப்ப என்ன ஆகும் என்றுகூடக் கணக்குப் போட்டாயிற்று.

பக்கத்துத் தெருவில் டிராக்டர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர். இந்த ரகக் காரை அவர் அதுவரை தொட்டதே இல்லை. வந்தார், ஒரு நிமிடம் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டார். "தம்பி, பெரிய பேட்டரியை அப்புறம் பாப்போம். இதுலயும் ஒரு சின்ன பேட்டரி இருக்குமே, அது எங்க?" என்றார்.

அது டிக்கிக்குள் இருந்தது. டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரியில் சக்தி இல்லாததால் டிக்கி திறக்கவில்லை, டிக்கி திறக்காததால் பேட்டரியைப் பார்க்க முடியவில்லை. கையேட்டைப் புரட்டியபோதுதான் பானெட்டுக்குள், ஃபியூஸ் பெட்டியில், சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இதற்காகவே இருப்பது தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார். 10.9 வோல்ட். தன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியைத் தூக்கிவந்து இணைத்தார். பட்டனை அழுத்தினேன், 'ரெடி' வந்துவிட்டது. விளக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும். பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட் செய்யும்போது இழுக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். டொயோட்டாவின் ப்ரியஸ் போன்ற ஹைப்ரிட்களில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. பெரிய பேட்டரியின் சக்தியில் ஒரு மோட்டார்-ஜெனரேட்டர் இன்ஜினைச் சுழற்றிவிடும். 12 வோல்ட்டுக்கு இருக்கும் வேலை கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும்தான். வேலை கொஞ்சம் என்பதால் கடைசி நாள்வரை எந்த அறிகுறியும் காட்டாது. ஒருநாள் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். ஹோண்டாவின் பழைய ஹைப்ரிட்களில் வழக்கமான ஸ்டார்ட்டர் ஒன்றும் கூடவே உண்டு. அதனால் உங்கள் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

என் பேட்டரி இறங்கியதற்குக் காரணம் ஊர்தான். இங்கே எதற்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதில்லை. அந்தத் தூரத்தில் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரமே இல்லை. போதாததற்கு ஸ்மார்ட் கீயை, கார் நிற்கும் இடத்தை ஒட்டிய சுவரில்தான் மாட்டிவைத்திருந்தேன். சாவி எட்டும் தூரத்தில் இருந்தால் காரின் சில பாகங்கள் முழுசாகத் தூங்காமல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இப்போது மாதம் ஒருமுறை காரை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் மல்டிமீட்டரால் அளக்கிறேன். 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. 11.8-க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியை நம்பி எங்கும் கிளம்ப மாட்டேன். வாரக்கணக்கில் ஓட்டவில்லை என்றால் வாரம் ஒருமுறை 'ரெடி'யில் போட்டு 40 நிமிடம் பார்க் (P) கியரில் விட்டுவிடுகிறேன். நியூட்ரலில் விடக் கூடாது, அதில் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ஜம்ப் கொடுக்கிற சின்ன பவர் பேக் ஒன்று வாங்கி முன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிக்கியில் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே.

இன்னும் இரண்டு விஷயம். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் சாதாரணக் காரில் ஒரு ஃபியூஸோடு தப்பிக்கலாம், ஹைப்ரிட்டில் விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸ் வரை சேதம் போகலாம். அவசரப்படாமல் இரண்டு முறை பார்த்து இணையுங்கள். அதேபோல, பக்கத்தில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் வண்டிக்கு உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள். அந்த ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டுக்காக நம் காரின் மின்சுற்று அமைக்கப்படவில்லை. சொந்தக்காரர் கேட்டாலும் பவர் பேக்கை எடுத்துக் கொடுங்கள். பேட்டரி மாற்றும்போது, அது காருக்குள்ளேயே இருக்கிற வகையாக இருந்தால், வாயு வெளியேறும் குழாய் பொருத்த இடம் உள்ள பேட்டரிதானா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைக்கிறேன். இந்த வகைக் கார் வைத்திருக்கும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பின் சீட்டின் ஓரத்தில் சின்ன ஜன்னல் மாதிரி பிளாஸ்டிக் கட்டம் ஒன்று இருக்கும். காருக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக இழுத்துத்தான் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கிறார்கள். அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக் காற்றுதான் பேட்டரிக்கும் காற்று. உங்களுக்கு வியர்த்தால் அதற்கும் சூடு. இந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைப் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. சூடு ஏற ஏற ஆயுள் குறையும், கணினியும் சக்தியைக் குறைத்துத்தான் கொடுக்கும்.

முதல் கோடையில் பின்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஏசி சத்தம் என்று விட்டுவிட்டேன். காரின் கணினியில் இருப்பதை ஃபோனுக்கு அனுப்பும் ஓபிடி அடாப்டர் ஒன்றைப் பொருத்திப் பார்த்த அன்றுதான் தெரிந்தது, பேட்டரி 51 டிகிரியில் இருந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் போகவில்லை.

காரை நிழலில் நிறுத்தி, 12 வோல்ட் மைனஸைக் கழற்றிவிட்டு, பின் சீட்டின் ஓரத்து பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். நாலு கிளிப், மூன்று ஸ்க்ரூ, ஒரு ஒயர் சாக்கெட். கையில் வந்த விசிறியைப் பார்த்தால் இறக்கைகளே தெரியவில்லை. மண் சாலையின் செந்தூசி, நாயின் முடி, சீட் துணியின் நூல் எல்லாம் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாகப் படிந்திருந்தது. விரலால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தபோது பாதி வட்டம் அப்படியே உரிந்து வந்தது. ஒவ்வோர் இறக்கைக்கும் இடையில் பழைய பல் துலக்கும் பிரஷை விட்டுத் தேய்த்தேன். தண்ணீர் படாமல் துடைத்தேன். முழுசாக ஒன்றேகால் மணி நேரம். திரும்ப மாட்டி, அதே சாலையில் அதே வெயில் நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். 41 டிகிரி. பத்து டிகிரி குறைந்திருந்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

இதில் ஒரு எச்சரிக்கை. விசிறிவரைதான் நம் எல்லை. அதைத் தாண்டி ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும். உயர் வோல்டேஜ் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம் கொடுத்திருப்பதே அதற்காகத்தான்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். மெல்லிய வலை ஒன்றை வெட்டி அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை தட்டிப் போட்டால் போதும். வலை ரொம்ப அடர்த்தியாக இருந்தால் காற்றையே தடுத்துவிடும், ஊதிப் பார்த்தால் தடையில்லாமல் காற்று போக வேண்டும். வீடு மாறும்போது பின் சீட் முழுக்கப் பெட்டிகளை அடுக்கி அந்தக் கட்டத்தை மூடியபடியே நாள் முழுக்க ஓட்டி வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. மண் சாலையில் ஜன்னலை இறக்கி ஓட்டுவதையும் நிறுத்திவிட்டேன். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஓட்டினால் தூசியும் வராது, பேட்டரிக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கும்.

மூன்றாவது ஆள் இன்வெர்ட்டர் கூலன்ட் பம்ப். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர். என் காரில் அதற்கென்று தனி கூலன்ட் சுற்று இருக்கிறது. இன்ஜின் கூலன்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொட்டியும் வேறு. அந்தச் சுற்றில் கூலன்டைத் தள்ளுவது கைக்கு அடக்கமான ஒரு மின் பம்ப்.

இரண்டாம் வருடம் மலைப்பாதையில் ஏறும்போது சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டியின் இழுவை சட்டென்று குறைந்தது. ஓரம் கட்டி ஃபோனில் பிழைக் குறியீட்டை (கோடு) பார்த்தேன். பி0ஏ93, அதாவது இன்வெர்ட்டர் குளிர்விப்பு சரியில்லை. அந்த இடத்தில் ஃபோன் சிக்னல் கிடையாது. அரை மணி நேரம் அணைத்து ஆற வைத்து, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, மறுபடி ஆற வைத்து, இப்படியே நாலு தடவை நின்று நின்று இறங்கி வந்தேன். இதை யாருக்கும் வழிமுறையாகச் சொல்லவில்லை. இன்வெர்ட்டர் எரிந்துபோனால் பழைய காரின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வேறு வழி இருந்திருந்தால் லாரியைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

பம்ப் இயங்குகிறதா என்று பார்ப்பது மிகச் சுலபம். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயணத்தையே தவிர்த்திருப்பேன். கார் ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டர் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறங்கள். ஒருவரை 'ரெடி'யில் போடச் சொல்லுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இளஞ்சிவப்புக் கூலன்ட் சலசலவென்று அசைந்தால் பம்ப் ஓடுகிறது. குளம் மாதிரி அசையாமல் நின்றால் ஓடவில்லை. நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் இதைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. புது பம்ப்பை அண்ணனே மாட்டினார். மாட்டியபின் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றத்தான் நேரம் பிடித்தது. காற்றுக் குமிழி நிற்கும்வரை ஓடவிட்டு, நிரப்பி, மறுபடி ஓடவிட வேண்டும். கூலன்ட் மட்டம் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு படிந்து குறுகலான வழிகளை அடைக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கூலன்டையே ஒரு கேன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உபரி பம்ப்பும் என் அலமாரியில் இருக்கிறது. இந்த ஊருக்கு அது வந்து சேர ஒன்பது நாள் ஆனது, அடுத்த முறை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, பெரிய பேட்டரிக்கு வருவோம்.

உதாரணத்துக்கு இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள், என் காரிலும் இதே அமைப்புதான். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட் கொண்ட 28 மாட்யூல்கள், அதாவது சிறு பேட்டரித் துண்டுகள். எல்லாம் தொடராக இணைந்து 201.6 வோல்ட். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் ப்ரியஸில் 40 மாட்யூல்கள் இருந்தன. கணினி அந்தப் பேட்டரியை முழுசாக நிரப்பவும் விடாது, முழுசாகக் காலியாகவும் விடாது. ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்தான் வைத்திருக்கும். இத்தனை வருடம் உழைப்பதன் ரகசியமே அதுதான். தொடர் இணைப்பு என்பதால் ஒரு மாட்யூல் சோர்ந்தால் போதும், மொத்தக் கூட்டமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

அதனால் மொத்த வோல்டேஜைப் பார்த்துப் பயனில்லை. மாட்யூல்களைக் கணினி இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளக்கும். அந்த 14 எண்களையும் ஃபோனில் பார்க்கலாம். நான் மாதம் ஒருமுறை ஒரே ஏற்றத்தில், ஒரே மாதிரி ஆக்சிலரேட்டரை அழுத்தி, கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்லி எழுதிவைக்கிறேன். நின்றபடி பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும், சுமை கொடுக்கும்போதுதான் பலவீனம் வெளிப்படும். முதல் இரண்டு வருடம் தொகுதிகளுக்குள் வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டவில்லை. மூன்றாம் வருடம் ஒன்பதாவது தொகுதி மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. 0.5, அப்புறம் 0.8. நாலாம் வருடத் தொடக்கத்தில் மற்றவை 14 வோல்ட்டில் நிற்க, அது 12.6-க்கு விழுந்தது. சில நாளில் விளக்கு எரிந்தது. கோடு பி0ஏ80, பேட்டரியை மாற்றச் சொல்லும் கோடு.

ஆனால் நோட்டில் அது ஒரு வருடமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அதிர்ச்சி இல்லை. அந்த ஒரு வருடத்தில் பணம் சேர்த்தாயிற்று. எங்கே வாங்குவது, எப்படி இங்கே வரவழைப்பது, யார் மாட்டுவார் என்பதெல்லாம் விசாரித்தாயிற்று. தொலைவில் இருப்பவர்களுக்குப் பணத்தைவிட இந்த அவகாசம் முக்கியம்.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றினால் என்ன என்று நானும் யோசித்தேன். பதினைந்து வருடம் ஒன்றாக உழைத்த 28-ல் ஒன்றை மாற்றினால், மற்ற 27-க்கும் அதே வயதுதான். கொஞ்ச நாளில் இன்னொன்று இறங்கும். பழுது பார்ப்பவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அப்படிச் சமாளிக்கலாம். 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எனக்கு அது சரிவராது. பல பழைய பேட்டரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பேக்கையும் இதே காரணத்துக்காக வேண்டாம் என்றேன். புதிய செல்கள் கொண்ட முழு பேக் வாங்கினேன். இந்தக் காரை இன்னும் ஐந்து வருடமாவது வைத்திருப்பேன் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இந்தச் செலவில் அர்த்தம். ஒரு வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

மாட்டுவதை நானோ அண்ணனோ செய்யவில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவரை ஊருக்கு வரவழைத்தோம். அவர் முதலில் சாவியை வாங்கித் தூரமாக வைத்தார். 12 வோல்ட்டைக் கழற்றினார். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறைகளைப் போடுமுன் ஒவ்வொன்றையும் சுருட்டிக் காற்றடைத்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று காதருகே வைத்துப் பார்த்தார். ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. அப்புறம் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைச் சேமித்துவைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் இறங்க அந்த நேரம் வேண்டும். அதற்குப் பிறகும் மீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டார். "பிளக்கை எடுத்துட்டா எல்லாம் செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க சார்" என்றார். அந்தப் பிளக் தொடரை இடையில் துண்டிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கத்து மாட்யூல்களிலும் வோல்டேஜ் அப்படியேதான் இருக்கும். ஒரு பக்கத்தில் இருப்பதே ஆளைக் கொல்லப் போதும். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பத்து நிமிடத்தையும் அந்தக் கையுறையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பேக்கை அவரே எடுத்துச் சென்றார். அதில் நிக்கல் போன்ற உலோகங்கள் இருப்பதால் மறுசுழற்சிக்குப் போக வேண்டும், பழைய இரும்புக்குப் போடக் கூடாது.

ஏசி விஷயத்தில் மட்டும் ஊர்க் கடையை நம்பிவிடாதீர்கள். இது பலரும் தவறவிடும் இடம். பல ஹைப்ரிட்களில் ஏசி கம்ப்ரஸரை உயர் வோல்டேஜ் மின்சாரமே ஓட்டுகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை. டொயோட்டா கார்களில் என்டி-11 என்பது அதன் பெயர். பெல்ட்டில் ஓடும் சாதாரண ஏசிக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் கம்ப்ரஸரின் மின்காப்பு கெடும். மின்கசிவு என்று கணினி கண்டுபிடித்தால் கார் 'ரெடி'க்கே வராமல் போகலாம். கேஸ் நிரப்பும் மெஷினின் குழாயில் முந்தைய காரின் எண்ணெய் மிச்சமிருந்தாலே ஆபத்து. நான் ஏசி வேலையை மட்டும் 190 கிலோமீட்டர் போய்த்தான் செய்துகொள்கிறேன்.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைப்ரிட்டில் வேகம் குறைவது பெரும்பாலும் மோட்டாரால் என்பதால் பேடு தேயாது. என் முதல் செட் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் தேயாத பிரேக்குக்குத் துருதான் சங்கடம். பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நகரும் பின்கள் தூசியிலும் ஈரத்திலும் இறுகிவிடும். வருடம் ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவ வேண்டும். இதை எந்த மெக்கானிக்கும் செய்வார். ஆனால் அவரிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். சில ஹைப்ரிட்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக இயங்கி அழுத்தம் ஏற்றும். கை காலிப்பருக்குள் இருக்கும்போது அது நடக்கக் கூடாது. 12 வோல்ட் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் விட்டபின் தொடங்கச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் இறங்கும்போது பாதி வழியில் பேட்டரி நிரம்பிவிடும். அதற்குமேல் கணினி அந்தச் சக்தியை வாங்காது. இன்ஜினைச் சும்மா வேகமாகச் சுழற்றி அதைக் கரைக்கும். பயங்கரச் சத்தம் வரும், ஆனால் எதுவும் உடையவில்லை, பெட்ரோலும் செலவாகவில்லை. நீண்ட இறக்கத்தில் கியரை 'B'க்கு (பார்க் இல்லை, இன்ஜின் பிரேக்) மாற்றிக்கொண்டால் பிரேக் சூடாகாமல் இறங்கலாம். இறக்கம் முடிந்ததும் 'D'க்கு வந்துவிட வேண்டும், சமதரையில் 'B' வீண்.

பெட்ரோல் தீர விடக் கூடாது. "அதான் பேட்டரியிலும் ஓடுமே" என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மாதிரிப் பேட்டரியில் போகும் தூரம் ஓரிரு கிலோமீட்டர்தான், அதையும் வடித்துவிட்டால் பெட்ரோல் ஊற்றிய பிறகும் இன்ஜினைச் சுழற்றச் சக்தி இருக்காது. கால் டேங்குக்குக் கீழே நான் விடுவதில்லை. இழுத்துச் செல்வதற்கும் ஒரு விதி இருக்கிறது. முன்சக்கர இயக்க ஹைப்ரிட்டை முன்சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் உள்ளே மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உற்பத்தியாகும். லாரியின் மேலே ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, லேமினேட் செய்து, டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். ராத்திரி நேரத்தில் இழுக்க வருபவரிடம் விவாதம் செய்து நிரூபிக்க முடியாது, அட்டையைக் காட்டினால் படித்துப் பார்ப்பார்.

எலிகளையும் மறக்க வேண்டாம். கார் வாரக்கணக்கில் நிற்கும் இடமென்றால் பானெட்டை மூன்று நாளைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மைலேஜ் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நகரத்தில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுத்த கார் இங்கே 17-தான் கொடுக்கிறது. ஹைப்ரிட்டின் லாபமே நின்று நின்று போகும் நெரிசலில்தான். இங்கே நெரிசல் இல்லை. இரண்டு கிலோமீட்டர் பயணத்தில் இன்ஜின் சூடேறுவதற்கே பெட்ரோல் போகிறது. ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து நிற்கும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், வாரத்தில் ஒருநாள் முப்பது கிலோமீட்டராவது ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வருகிறேன். பக்கத்து வேலைகளுக்கு இப்போது சைக்கிள். பெட்ரோல் மிச்சம் என்பதற்காக மட்டும் இங்கே ஒருவர் பழைய ஹைப்ரிட் வாங்கப் போவதாகச் சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்கெனவே கையில் இருக்கும், வரலாறு தெரிந்த, நன்றாகப் பராமரித்த காரை வைத்துக்கொள்வது வேறு.

எப்போது விடுவேன் என்பதையும் முடிவு செய்து வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் போனால், அல்லது அடிப்பகுதியில் துரு ஓட்டை விழுந்தால். மற்ற எதையும் சரி செய்துகொள்ளலாம். போன வாரம் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் காரை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்டு வைத்து, டார்ச் அடித்துக் கீழே முழுக்கப் பார்த்தோம். பின் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடத்தில் மேலோட்டமாகத் துரு, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார், உறுதியாக இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் பிரைமர் அடித்து, காய்ந்ததும் இறக்கினோம்.